போக்கர் பழக்கிற அப்: நடுத்தரச் சோடிப் பகுதிக்குக் காசு குடுக்கலாமோ?

முதலே சொல்லிப்போடுறன், இது காசு கட்டி விளையாடுற அப் இல்லை. கையில ரெண்டு காட்டைத் தந்து, மேசையில எல்லாருக்கும் பொதுவான முதல் மூண்டு காட்டை, அதுதான் ஃப்ளொப், அதை விரிச்சு, எதிராளி இவ்வளவு பெற் பண்ணுறான் (பந்தயம் வைக்கிறான்) நீ என்ன செய்யப்போறாய் எண்டு கேட்டு, நாங்கள் அமத்தினாப்பிறகு அது சரியோ பிழையோ எண்டு புள்ளி போடுற பயிற்சி அப். பேர் போடேல்ல, ஏனெண்டா கீழ கொஞ்சம் திட்டியும் வைச்சிருக்கிறன், அதோட இதே மாதிரி இன்னும் அஞ்சாறு கிடக்கு, எல்லாத்துக்கும் உள்ளுக்க ஓடுறது ஒரே சொல்வர் கணக்குத்தான். சொல்வர் எண்டா கம்பியூட்டர் தனக்குத்தானே திரும்பத் திரும்ப விளையாடி, ஆராலும் அடிச்சு மடக்கேலாத ஒரு விளையாட்டு முறையைக் கண்டுபிடிச்சு வைக்கிறது. அதை எங்களுக்கு விளங்கிற மாதிரிக் கேள்வி கேள்வியா உடைச்சுத் தாறதுக்குத்தான் காசு வாங்கினம்.

நான் எடுத்தது முழு அப்பையும் இல்லை, ஃப்ளொப்புக்குப் பிறகு நடுத்தரச் சோடி எண்ட பகுதியை மட்டும். மாசம் 12 டொலர், எங்கட காசில 3,600 ரூபாவுக்குக் கிட்ட வரும். கையில 77, 88, 99, பத்துச் சோடி வந்தா என்ன செய்யிறது எண்டதுதான் முழுப் பாடமும், ஜாக் சோடியையும் கடைசியில சேர்த்திருக்கினம்.

ஏன் இந்தப் பகுதி எண்டு கேட்டா, எங்கட வீட்டு மேசையில எல்லாரும் மாட்டுப்படுறது இதிலதான். ஏஸ் சோடி வந்தா சின்னப் பிள்ளையும் விளையாடும், ரெண்டும் மூண்டும் வந்தா தூக்கிப் போடலாம், இந்த ஒன்பது சோடி எண்டது வைச்சிருக்கவும் ஏலாது விடவும் மனம் வராது. அதோட எங்கட சனத்துக்கு இன்னொரு வில்லங்கமும் இருக்கு. யாழ்ப்பாணத்தில கடதாசி விளையாட்டு எண்டா 304 தானே, அதில ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு வெறும் 3, குயினுக்கு 2, எட்டும் ஏழும் சதத்துக்கும் பெறுமதியில்லை, நாலு வகையையும் கூட்டினா 304. ஒன்பது கையில வந்தா நெஞ்சை நிமித்திக் கேட்டுப் பழகின பரம்பரை இது. அப்பிடிப்பட்ட ஆக்களிட்டப் போக்கரில ரெண்டு ஒன்பதைக் குடுத்தா கிங் விழுந்தென்ன குயின் விழுந்தென்ன, கண்ணில படாது. பெரியப்பா இப்பவும் "தம்பி, சோடி வந்தா விடப்படாது" எண்டுதான் சொல்லுவார், ஃப்ளொப்பில ஏஸ் கிங் ரெண்டும் கிடக்கேக்கயும் சொல்லுவார்.

அப்பின்ர முதல் பாடம் இந்த வியாதிக்குத்தான் மருந்து, எனக்கு முழு அப்பிலயும் பிடிச்ச இடமும் அதுதான். கையில இருக்கிற சோடியை விடப் பெரிய காட் ஒண்டாவது ஃப்ளொப்பில வாறதுக்கு எவ்வளவு சாத்தியம் எண்டு முதல் உங்களிட்டையே ஊகிக்கச் சொல்லும், பேந்துதான் விடையைக் காட்டும். ஏழுச் சோடிக்கு 92%, எட்டுக்கு 87%, ஒன்பதுக்கு 79%, பத்துக்கு 69%, ஜாக்குக்குக் கூட 57%. நான் சும்மா நம்பாமக் கடதாசியில போட்டுப் பாத்தனான், சரியாத்தான் கிடக்கு. ஒன்பதுக்கு மேல 20 காட் இருக்கு, மிச்ச 30 இலயும் மூண்டும் விழுறதுக்கு 4,060 வழி, மொத்தம் 19,600 வழி, அப்ப ஓவர்காட் (கையில இருக்கிற சோடியை விடப் பெரிய காட்) இல்லாம வாறது அஞ்சில ஒண்டு. அதாவது ஒன்பது சோடியோட இருந்தா அஞ்சு தரத்தில நாலு தரம் உங்களை விடப் பெரிய ஆள் ஒருத்தர் மேசையில குந்திக்கொண்டிருப்பார், அதுதான் வழமை, அதைக் கண்டு ஐயோ எண்டு கையைத் தூக்கி எறியவும் தேவையில்லை, கண்ணை மூடிக்கொண்டு இருக்கிற முழுக்கத் தள்ளவும் தேவையில்லை.

செற் அடிக்கிறதை, அதாவது கையில இருக்கிற சோடிக்கு அதே காட் மூண்டாவதா மேசையில விழுறதைப் பற்றி ரெண்டு நிமிச வீடியோ ஒண்டு, அவ்வளவுதான். ஃப்ளொப்பில செற் வாறது 11.8%, எட்டரைத் தரத்துக்கு ஒருக்கா. வந்தா பெற் பண்ணி பொற்றை (நடுவில சேர்ந்து கிடக்கிற பந்தயத்தை) பெருப்பிக்கிறது, அதில படிக்க என்ன கிடக்கு. மிச்ச 88% தான் பாடம், அதை விளங்கி வைச்சிருக்கினம், அந்தளவில சந்தோசம்.

பிறகு வாறது ஃப்ளொப் பயிற்சி, இதில கனக்க நேரம் போகும். நீங்கள் கடைசி ஆளா இருந்து றெயிஸ் பண்ணுறியள் (பந்தயத்தைக் கூட்டுறியள்), பெரிய பிளைண்டில, அதாவது காட் பாக்க முதலே கட்டாயப் பந்தயம் வைக்கிற இடத்தில, இருக்கிற ஆள் கோல் பண்ணுறான் (அதே அளவு வைக்கிறான்), ஃப்ளொப் கிங், 7, 2, மூண்டும் வேற வேற வகை, உங்களிட்ட ஒன்பது சோடி, அவன் செக் (ஒண்டும் வைக்காம விடுறான்). இப்ப என்ன? மூண்டு பொத்தான் இருக்கும், செக், பொற்றின்ர மூண்டில ஒரு பங்கு, முழுப் பொற். முதல் ரெண்டில எதை அமத்தினாலும் புள்ளி தரும், மூண்டாவதை அமத்தினாச் சிவப்பு. ஏனெண்டு கீழ விளக்கம் வரும், அது நல்ல விளக்கம்: பெரிய பெற் போட்டா உங்களை விடக் குறைஞ்ச கை எல்லாம் ஓடிடும், கிங் வைச்சிருக்கிறவன் மட்டும் சிரிச்சுக்கொண்டு கோல் பண்ணுவான், அப்ப வெல்லுற இடத்தில கொஞ்சமும் தோக்கிற இடத்தில கனக்கவும் வரும். எங்கட மேசையில ஓவர்காட் விழுந்தவுடன பயத்தில பெரிசாப் போட்டு "ஆக்களைத் துரத்துறது" எண்டு ஒரு பழக்கம் இருக்கு, அதை இந்த ஒரு கேள்வியே வெட்டி எறியுது.

அதுக்கு அடுத்த கேள்வியில அதே ஃப்ளொப், ஆனாக் கையில ஒன்பதுக்குப் பதிலா நாலுச் சோடி. நான் நினைச்சது நாலு இன்னும் பலவீனம், அப்ப செக்தானே எண்டு. ஆனா அது பெற் பக்கம்தான் கூடச் சாயுது. விளக்கத்தை வாசிச்சாத்தான் தெரியும்: எதிராளியிட்ட குயின்-ஜாக் இருந்தா ஒன்பதுக்கும் நாலுக்கும் ஒரே மாதிரி ஆறு காட் ஆபத்து, ஆனா 9-8, 10-6, 8-5 மாதிரிக் கையெல்லாம் ஒன்பதைப் பெரிசா ஒண்டும் செய்யாது, நாலை அடிச்சுப்போடும். அவையளைச் சின்ன பெற்றோட ஃபோல்ட் பண்ண (கையை விட்டிட்டு விலக) வைக்கிறதில நாலுக்குக் கூட லாபம், ஒன்பது பத்து மாதிரியானது ஆறுதலாச் செக் பண்ணிக்கொண்டும் போகலாம். உப்பிடி ஒரு விசயத்தை வீட்டில இருந்து யோசிச்சுக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், இதுக்குக் காசு குடுத்ததில எனக்கு மனவருத்தம் இல்லை.

இன்னொண்டும் நல்லா வைச்சிருக்கினம். கிங், 9, 4 எண்ட ஃப்ளொப்பில ஒருத்தனிட்ட ஜாக்-9, இன்னொருத்தனிட்ட எட்டுச் சோடி. பாக்க ரெண்டும் கிங்குக்குக் கீழ கிடக்கிற ஒரு சோடி மாதிரித்தான். ஆனா ஜாக்-9 க்கு முன்னேற அஞ்சு காட் இருக்கு, மூண்டு ஜாக்கும் ரெண்டு ஒன்பதும், எட்டுச் சோடிக்கு மிச்சம் ரெண்டே ரெண்டு எட்டு. ரேணில (மேசையில விழுற நாலாவது காட்டில) வாறது 4.3%, றிவர் (அஞ்சாவது, கடைசிக் காட்) வரைக்கும் ரெண்டையும் சேர்த்தாலும் 8.4%. அதால பின்தங்கியிருந்தா நடுத்தரச் சோடி பின்தங்கினதுதான், ஏதும் வந்து காப்பாத்தும் எண்டு இருக்கப்படாது, எப்பவும் "இப்ப முன்னுக்கு நிக்கிறனோ" எண்ட ஒரு கேள்விதான். இதை அப்பில ஒரே ஒரு சிலைட்டில சொல்லிப்போட்டுப் போயிடினம், என்னைக் கேட்டா இதைத்தான் முதல் பாடமா வைச்சிருக்கோணும்.

ஓவர்காட் இல்லாத ஃப்ளொப், 7, 5, 2 மாதிரி, கையில ஒன்பது. அது சரியான சுகம் எண்டு நினைப்பியள், அப் அதிலயும் விடாது, பெரிசாப் போடு எண்டுது. ஏனெண்டா இப்ப குறைஞ்ச கையெல்லாம் கோல் பண்ணும், ஏழு வைச்சிருக்கிறவன், ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையா அஞ்சு காட்டுக்கு) நிக்கிறவன், ரெண்டு பெரிய காட்டோட ஒருக்காப் பாப்பம் எண்டு நிக்கிறவன். அந்த ரெண்டு பெரிய காட்காரன் றிவருக்குள்ள உங்களை முந்திறது நாலில ஒரு தரம், அவனுக்குச் சும்மா அடுத்த காட்டைக் காட்டிக்கொண்டிருக்க ஏலாது. இதுக்கு நேர்மாறா ஃப்ளொப்பில குயின், ஜாக், 10 ஒரே வகையில விழுந்தா எட்டுச் சோடியைப் பெற் வந்தவுடன விட்டிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகச் சொல்லுது. எங்கட வீட்டில அந்த இடத்தில ஆரும் தேத்தண்ணிக்கு எழும்பினதா நான் காணேல்ல.

உதாரணத்துக்கு ஒரு பழைய கையும் போட்டிருக்கினம், 2003 இல லாஸ் வேகாசில நடந்த உலகப் போக்கர் தொடரின்ர மெயின் ஈவென்ட்டில (முக்கியப் போட்டியில), பத்துப் பேர் மிஞ்சின நேரம், ஃபில் ஐவியிட்ட ஒன்பது சோடி, கிறிஸ் மணிமேக்கரிட்ட ஏஸ்-குயின். ஃப்ளொப் குயின், 6, குயின். ரேணில ஒன்பது விழுந்து ஐவிக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே காட் மூண்டும் ஒரு சோடியும்), றிவரில ஏஸ் விழுந்து மணிமேக்கருக்கு அதை விடப் பெரிய ஃபுல் ஹவுஸ், ஐவி பத்தாம் இடத்தோட வெளியில, மணிமேக்கர் 839 பேரில முதலாவதா வந்து 25 லட்சம் டொலர் கொண்டு போனார். எல்லாரும் றிவர் ஏசைத்தான் கதைக்கிறவை, அப் அதைக் கதைக்காம ஃப்ளொப்பில நிப்பாட்டுது, அது எனக்குப் பிடிச்சுது. குயின் ரெண்டும் மேசையில கிடந்தா மிச்சம் ரெண்டு குயின்தான் உலகத்தில, அப்ப எதிராளியிட்ட குயின் இருக்கிற வழி குறையும், குயின்-ஜாக்-6 இல ஒன்பது சோடி நிக்கிறதை விடக் குயின்-குயின்-6 இல நிக்கிறது எவ்வளவோ மேல். பாத்தவுடன பயங்கரமாத் தெரியிற ஃப்ளொப் உண்மையில ஒன்பதுக்கு நல்ல ஃப்ளொப், அண்டைக்கு அது பிழைச்சது வேற கதை.

இனித் திட்டுற பகுதி.

முழுப் பாடமும் ரெண்டு பேர் விளையாட்டு. நீங்கள் ஒருத்தர், எதிர்ப்பக்கம் ஒருத்தர். எங்கட பக்கம் எங்க மச்சான் ரெண்டு பேரோட ஃப்ளொப் பாக்கிறது? நல்லூர்த் திருவிழாக் காலத்தில கனடாவில இருந்தும் லண்டனில இருந்தும் சொந்தக்காரர் வந்து நிண்டா விறாந்தையில ஏழு பேர் பாயில, காசு இல்லை, புளியங்கொட்டை, ஆளுக்கு ஒரு கிண்ணம். ஒருத்தர் றெயிஸ் பண்ணினா "வந்ததுக்குப் பாப்பம்" எண்டு நாலு பேர் கோல். அந்த நேரம் கிங், 7, 2 விழுந்தாக் கணக்கே மாறுது. எதிர்க்க ஒருத்தர் மட்டும் எண்டா, அவர் எந்தக் கையும் வைச்சிருக்கலாம் எண்டு எடுத்தா, கிங் இருக்கிறதுக்கு 12.5%. மூண்டு பேர் எண்டா 34%. நாலு பேர் எண்டா 43 ஐத் தாண்டும். அதுகும் கண்டபடி வந்த கைக்குத்தான், உண்மையில சனம் கிங் உள்ள கையைத் தூக்கிப் போடாது, அதால அதை விடக் கூடத்தான் இருக்கும். ரெண்டு பேரில சின்ன பெற் போட்டு வெல்லுற ஒன்பது சோடி நாலு பேருக்குள்ள செக் பண்ணி, பெற் வந்தா விடுற கை. இதைப் பற்றி அந்த 12 டொலர்ப் பகுதியில ஒரு பாடம் கூட இல்லை, ஒரு மஞ்சள் பெட்டியில "பல பேர் இருந்தா இன்னும் கவனமா விளையாடுங்கோ" எண்ட மாதிரி ஒண்டு இருக்கு, அதை ஒரு பாடம் எண்டு கணக்கெடுக்கேலாது. பல பேர் விளையாட்டு வேற பகுதியாம், அதுக்கு வேற காசாம்.

ரெண்டாவது, றிவர். ஃப்ளொப்புக்கும் ரேணுக்கும் அப் சொல்லுறதை நான் அப்பிடியே எடுக்கிறன். முதல் பெற்றுக்கு கோல் பண்ணு, பெரும்பாலும் சரி, 30 கொட்டைப் பொற்றில 10 கொட்டை பெற் எண்டா உங்களுக்கு 20% வெல்ல ஏலுமெண்டாக் காணும், முழுப் பொற் எண்டா 33% வேணும், இது கூட்டல் கழித்தல்தான், ஊருக்கு ஊர் மாறாது. ஆனா றிவரில மூண்டாவது தரமும் ஒருத்தன் பெரிசாப் போட்டா, அப் சில இடத்தில எட்டுச் சோடியோட கோல் பண்ணச் சொல்லுது. காரணம் எதிராளி சொல்வர், அது றிவரில கணக்குப் போட்டு ஒரு பங்கு ப்ளஃப் பண்ணும் (கையில ஒண்டும் இல்லாமலே பந்தயம் வைக்கும்), நீங்கள் எல்லாத்தையும் விட்டா அது உங்களைச் சாப்பிடும். சரி. எங்கட மேசையில மூண்டு தரம் தொடர்ந்து ப்ளஃப் பண்ணுற ஆள் ஆர்? கனடாத் தம்பி ஒருத்தன் இருக்கிறான், அவனும் வந்த புதுசில மட்டும். பெரியப்பா றிவரில 40 கொட்டை தள்ளினா அவரிட்டக் கிங் இருக்கு, அதுக்கு மேல ஒரு துணையும் இருக்கு, அதில சந்தேகப்பட ஒண்டும் இல்லை. அப்பிடிப்பட்ட ஆக்களுக்கு எதிரா நடுத்தரச் சோடியோட றிவர் கோல் எண்டது புளியங்கொட்டையைக் கிணத்தில கொட்டுறதுதான். எதிராளி ப்ளஃப் பண்ணாத ஆள் எண்டு மாத்தி வைக்கிறதுக்கு ஒரு அமைப்புக் கூட இல்லை, அப்பிடி ஒண்டு இருந்தா உந்தப் பகுதி எங்கட மாதிரி வீட்டு மேசைக்காரருக்கு ரெண்டு மடங்கு பெறுமதி.

அதால நான் பாவிக்கிறது எப்பிடியெண்டா ஃப்ளொப் பயிற்சி, ரேண் பயிற்சி ரெண்டையும் நல்லாச் செய்யிறன், றிவர்ப் பயிற்சியில அது தாற சிவப்பைக் கணக்கெடுக்கிறேல்ல. றிவரில கோல் பண்ணு எண்டு சொல்லுற இடத்தில நான் ஃபோல்டை அமத்துவன், புள்ளி குறையும், குறையட்டும்.

ரேண் பயிற்சியைப் பற்றிச் சொல்லாம விட்டிட்டன். அது திறம். ஃப்ளொப்பில 8, 6, 3 வந்து ஒன்பதோட பெற் பண்ணினியள், கோல் வந்திட்டு, ரேணில ஒவ்வொரு காட்டா மாத்தி மாத்திக் காட்டும், ரெண்டு விழுந்தா என்ன, ஏழு விழுந்தா என்ன, ஏஸ் விழுந்தா என்ன. ரெண்டு எண்டா ஒண்டும் மாறேல்ல, திரும்பப் போடு. ஏழு எண்டா ஸ்ட்ரெய்ட் வந்திருக்கலாம், பிரேக்கைப் பிடி, ஆனா உங்களிட்ட ஒன்பது இருக்கிறதால உங்களுக்கும் பத்தோ அஞ்சோ வந்தா ஸ்ட்ரெய்ட், அதை மறக்காத. ஏஸ் விழுந்தா எல்லாரும் ஒடுங்கிறது, ஆனா றெயிஸ் பண்ணின ஆள் நீங்கள் எண்டா ஏஸ் கூட உங்களுக்குச் சாதகமான காட்தான், ஆனபடியா ஒன்பதோட செக் பண்ணிப்போட்டு எதிராளி சின்னனாப் போட்டாப் பயப்பிடாம கோல் பண்ணலாம். ஒரே ஃப்ளொப்பை வைச்சு ரேணை மட்டும் மாத்திக் காட்டுறதால மண்டையில நிக்குது, வீடியோ பாத்து இப்பிடி நிக்காது.

மிச்சம் சில்லறை விசயங்கள். எல்லாம் இங்கிலீஸ், தமிழ் இல்லை, ஆனா சொல்லு கொஞ்சம்தான், ரெண்டு நாளில பழகிடும், பெரியப்பாவுக்கு நான் பக்கத்தில இருந்து சொல்லிக்குடுக்கிறன். பயிற்சியை இறக்கி வைச்சா இன்ரநெற் இல்லாமலும் ஓடும், கரண்ட் போய் றவுட்டர் நிண்ட நேரமும் பாவிச்சனான், பிரச்சினை இல்லை. வீடியோ இறக்கேலாது, அதுக்கு டேற்றா போகும். பழைய போனில ரேண் பயிற்சி மெதுவா ஓடுது, சூடேறுது. காட் எல்லாம் நாலு நிறத்தில வரும், முதல் ஒரு மாதிரி இருந்தாலும் வகை மாறுபடாமத் தெரியிறதால கண்ணாடி போடுற ஆக்களுக்கு நல்லது.

காசு கட்டுறதில கவனம். டொலரில வெட்டுறதால உங்கட பாங்க் காட்டில வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கோணும், இல்லாட்டி வெட்டாமலே திருப்பி அனுப்பும், பாங்க் ஒவ்வொண்டும் மேல ஒரு கழிவும் எடுக்கும். மாசச் சந்தா தானாப் புதுப்பிக்கும், நிப்பாட்டிற இடத்தை அப்புக்குள்ள தேடாதேங்கோ, காணக்கிடையாது, பிளே ஸ்டோரில உங்கட கணக்குக்குள்ள சந்தா எண்ட இடத்தில போய்த்தான் நிப்பாட்டலாம். நிப்பாட்டினாலும் கட்டின மாசம் முடியுமட்டும் எல்லாம் திறந்திருக்கும், அதால எடுத்த அண்டைக்கே நிப்பாட்டிப்போட்டுப் பாவியுங்கோ, ஃப்ளொப்பும் ரேணும் ஒரு மாசத்துக்குள்ள தாராளமா முடிக்கலாம், பல பேர் விளையாட்டுப் பகுதியை அவை எப்ப இதோட சேர்த்துத் தருகினமோ அப்ப திரும்ப எடுக்கலாம்.